ஏழும் எட்டும், வலப்பக்கம்

இராப்புவாட்டோ
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து

என் சென்ச்சோ,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் இருக்கும் இடத்தில் சுகமாக இருக்க வியாகுல மாதாவை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். 'இருக்கும் இடத்தில்' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் நினைத்துக்கொண்டேன், எல்லோரும் கடிதத்தில் அப்படித்தானே எழுதுகிறார்கள், நான் மட்டும் எதற்கு மாற்றுவது என்று.

இவ்வளவு பெரிய தாளைப் பார்த்துச் சிரிக்காதே. இருபத்தாறு வருஷமாக உன் சாப்பாட்டுப் பையில் நான் வைத்ததெல்லாம் உள்ளங்கை அளவு சீட்டுதான். "மிளகாய் தனியா வச்சிருக்கேன், வண்டி ஓட்டும்போது கடிக்காத." "நயேலிக்குக் காய்ச்சல், வரும்போது மருந்து." மூன்றாம் வகுப்போடு ஸ்ட்ராபெரி ஆலைக்குப் போனவளுக்கு அதுவே பெரிய எழுத்து. நீ அதைப் படித்துப் பின்பக்கத்தில் பதில் எழுதி, டோர்ட்டா ரொட்டி சுற்றின காகிதத்துக்குள் மடித்துக் கொண்டுவருவாய். நான் பையைக் கழுவ எடுக்கும்போது படிப்பேன். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய், ஆனாலும் நான் படித்து முடிக்கிறவரை அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாய். பார்க்கிறவர்கள் நம்மைப் பைத்தியம் என்பார்கள்.

வீட்டுச் செய்தி முதலில். கூரை ஒழுகுகிற இடத்தை அடைத்தாயிற்று. எலுமிச்சை மரம் இந்த வருஷம் அளவுக்கு மீறிக் காய்த்திருக்கிறது. நயேலி மான்டெர்ரேயிலிருந்து ஞாயிறுதோறும் போன் பண்ணுகிறாள். "அம்மா, நீ தனியா இருந்து என்ன பண்ணப் போற, இங்க வந்திடு"ன்னு ஒரே பாட்டு. நான் போய்விட்டால் கதவை யார் திறப்பது என்று கேட்டேன். அவளும் உன்னைப் போலத்தான், பதில் தெரியாவிட்டால் மூக்கை உறிஞ்சுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் நீலப் பை திரும்பி வந்துவிட்டது.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன், ஆனால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போன வருஷம் பிப்ரவரியில், அந்தச் செவ்வாய்க்கிழமை, காலி பஸ்ஸைப் பட்டறைக்கு ஓட்டிப் போனாய். மறுநாள் பஸ் செலாயா சாலை ஓரத்தில் நின்றது. சாவி அதிலேயே இருந்தது. முன்கதவு திறந்திருந்தது. தொப்பி கண்ணாடிக்குக் கீழே, பை உன் இருக்கைக்குப் பின்னால் ஆணியில். நீ மட்டும் இல்லை. புகார் கொடுக்கப் போன அரசு அலுவலகத்தில் அந்த ஆள் என்னிடம், "உங்க வீட்டுக்காரருக்கு வேற வீடு ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டான். "சாயங்காலம் ஆறு மணிக்குச் சூப்புக் கிண்ணத்துல தலை சாயுற மனுஷன், இன்னொரு வீட்டுக்குப் போக அவருக்கு ஏதுய்யா தெம்பு?" என்றேன். பக்கத்து மேசைக்காரி சிரித்துவிட்டாள். நானும் சிரித்திருப்பேன் போல.

பையைச் சாட்சிப் பொருள் என்று வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு மாதம் கழித்து, இந்த வருஷம் பிப்ரவரியில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். உள்ளே டோர்ட்டா இல்லை. சாப்பிட்டிருக்கிறாய். காகிதம் மட்டும் நாலாக மடித்து, நீ மடிக்கிற மாதிரியே. வீட்டுக்கு வந்து கழுவுவதற்கு எடுத்தபோது என் சீட்டு விழுந்தது. அன்று காலையில் நாம் சான் மிகேல் பயணத்துக்காகச் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? அந்தக் கோபத்தில் எழுதியிருந்தேன்: "இந்த வருஷமும் லீவு கேக்கலன்னா நான் மாக்லோவியாவோட போயிடுவேன்." திருப்பினால், உன் கோழிக்கிறுக்கல். "லீவு கிடைச்சாச்சு. சீட்டு ஏழு, எட்டு. வலப்பக்கம். நீ ஜன்னல். மாக்லோவியாவ வேற பஸ்ல அனுப்பு."

ஒரு வருஷம் அலமாரியில் கிடந்த பதில், சென்ச்சோ. ஈரக் கையோடு அடுப்படித் தரையில் உட்கார்ந்து படித்தேன்.

ஆகையால் வருகிற வெள்ளிக்கிழமை நான் சான் மிகேலுக்குப் போகிறேன். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளி, வியாகுல மாதா நாள், டோலோரெஸ் என்கிற என் பெயர்நாள். கல்யாணமான வருஷம் நீ சொன்னது. "உன் பெயர்நாளைக்கு உன்னை சான் மிகேல் கூட்டிட்டுப் போறேன், ரெண்டு மணி நேரப் பயணம், அது என்ன பெரிய விஷயம்." இருபத்தாறு வருஷம் அந்த ரெண்டு மணி நேரத்தை நாம் கடக்கவே இல்லை. அந்த வாரந்தான் ஆலையில் பழம் மலையாகக் குவியும், காம்பு கிள்ள ஆள் போதாது. உனக்கோ பரிசுத்த வாரக் கூட்டம், தனி பஸ், இரட்டை நடை. "ஊரெல்லாம் திருநாளுக்குப் போகும், டிரைவர் மட்டும் திருநாளக் கண்ணாடியில பாத்துக்கிட்டே போவான்" என்பாய். மற்றவர்களின் மனைவிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போய்வந்த மனுஷன், தன் மனைவியை ஏற்றவில்லை.

ஆலையில் லீவு கேட்டேன். மேற்பார்வைக்காரர், "டோலோரெஸ், இந்த வாரமா? விளையாடறியா?" என்றார். "இருபத்தாறு வருஷமா விளையாடல" என்றேன். மேசை முழுக்கக் கை நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பஸ் நிலையத்துக்குப் போய் டிக்கெட் எடுத்தேன். ஏழு, எட்டு. ஜன்னலுக்குள் இருந்த பெண் பெயர் கேட்டாள். என் பெயரைச் சொன்னேன். "அடுத்தவர் பேர்?" என்றாள். "இனோசென்சியோ ராங்கெல்" என்றேன். அவளுக்கு உன்னைத் தெரியும் போல, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் ஆட்கள். அடித்து எடுத்துக் கொடுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு உன் பெயரை அச்சில் பார்த்தேன். 'காணவில்லை' என்று சுவரில் ஒட்டின தாளில் இருக்கிற மாதிரி இல்லை, ஒரு பயணிக்கு இருக்க வேண்டிய மாதிரி.

பெயர் என்று சொன்னதும் இன்னொன்று. பங்கு அலுவலகத்தில் பூசைக் கருத்துக்கு இரண்டு பட்டியல் எழுதுகிறார்கள், உனக்குத் தெரியுமே. உயிரோடு இருப்பவர்களுக்குச் சுகம் வேண்டி ஒன்று, இறந்தவர்களுக்கு இளைப்பாறுதல் வேண்டி ஒன்று. மாதாமாதம் நான் உன் பெயரைச் சுகப் பட்டியலில் கொடுக்கிறேன். எழுதுகிற அம்மாள் ஆறு மாதம் வரை ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எழுதுமுன் கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்க்கிறேன்.

மாக்லோவியாவோடு எனக்குப் பேச்சு இல்லை. உனக்குத் தெரியாதே. நம் மகளுக்கு ஞானத்தாய், ஒரே மேசையில் எதிரெதிரே நின்று காம்பு கிள்ளுகிறோம், ஐந்து மாதமாக ஒரு வார்த்தை கிடையாது. கல்லறைத் திருநாளன்று நான் வேலைக்குப் போயிருந்தபோது, சாவி வாங்கிக்கொண்டு வந்து நம் வீட்டுப் படையலை அவள்தான் அடுக்கினாள். திரும்பி வந்து பார்க்கிறேன், மஞ்சள் சாமந்தி, மெழுகுவர்த்தி, என் அம்மா படம், என் அப்பா படம், பக்கத்தில் உன் படம். முன்னால் உனக்குப் பிடித்த சுரைக்காய் இனிப்பு, ஒரு கிளாஸ் தண்ணீர். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. படத்தைப் பிடுங்கினேன், கிளாஸ் உடைந்தது. "அவரு செத்துட்டாருன்னு உனக்கு யாருடி சொன்னது?" என்று கத்தினேன். அவளும் விடவில்லை. "செத்துட்டாருன்னு நான் சொல்லல. ஆனா ஒருவேளை... ஒருவேளை வந்து வாசல்ல நின்னு, படையல்ல தன் பங்கு இல்லாம, பசியோட திரும்பிப் போனா? அந்தப் பாவம் யாருக்குடி?" என்றாள். நான் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

தள்ளிவிட்டேனே தவிர, அவள் சொன்னது வெளியே போகவில்லை. நீ உயிரோடு இருந்து நான் படையல் வைத்தால், உயிரோடு இருக்கிறவனைப் புதைத்த பாவம் எனக்கு. நீ இல்லாமல் போயிருந்து நான் வைக்காமல் விட்டால், வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற உன்னைப் பட்டினி போட்ட பாவம். இரண்டில் எது என்று சொல்ல ஆள் இல்லை. சனிக்கிழமைகளில், காணாமல்போன பிள்ளைகளையும் புருஷன்களையும் தேடுகிற பெண்களோடு வயல்பக்கம் போகிறேன். அவர்கள் நீளக் கம்பியை மண்ணில் குத்தி, எடுத்து, அடியில் யாராவது கிடக்கிறார்களா என்று மோந்து பார்க்கிறார்கள். நான் கம்பியைத் தொடவில்லை. தண்ணீர்க் குடம் தூக்குகிறேன். அவர்கள் அழுகிறார்கள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். நான் பதினான்கு மாதமாக ஒரு சொட்டு அழவில்லை, சென்ச்சோ. அழுதால் நானே முடிவு சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சரி, போதும். உன் திட்டத்தில் ஒரு வரியும் மாற்றவில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ சொன்னதெல்லாம் மனப்பாடம். ஏழு பத்துக்குப் பஸ். வளைவில் எனக்குக் குமட்டும், அதனால் வழியில் எதுவும் சாப்பிடக் கூடாது. வலப்பக்கம் அணைத் தண்ணீர் தெரியும், அதற்குப் பின்னால் ரோஜா நிறத்தில் கோயில் கோபுரம். "படிக்காத கொத்தனார் ஒருத்தர் வெளிநாட்டுக் கோயில் படத்தப் பாத்துக் கட்டினதாம். படிக்காதவன் கட்டினத, படிச்சவனெல்லாம் கடல் தாண்டி வந்து வாயப் பொளந்து பாக்குறான். நீயும் நானும் உரிமையோட பாக்கலாம் வா" என்பாய். சதுக்கத்தில் குடை மாதிரி வெட்டின மரத்தடி பெஞ்சில் ஓசியில் உட்காரலாம், ஆனால் அங்கே காபி கேட்கக் கூடாது, அந்தக் காபிக்கு நம் ஊரில் ஒரு டயர் மாற்றலாம். ஊற்றடியில் சிவப்புக் கல் தொட்டிகளில் பெண்கள் துணி துவைப்பார்கள், நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கவேண்டும். பெண் மாப்பிள்ளை மாதிரி ஆள்மேல் ஆள் உயரப் பொம்மைகள் கல்யாண ஊர்வலத்தில் ஆடும், அதைப் பார்க்கவேண்டும். ஓவியக்காரரிடம் நம் இருவரையும் வரைந்து வாங்கவேண்டும், கல்யாணப் படத்தில் நான் கண்ணை மூடியிருக்கிறேன் என்று. கடைசியாகச் சாயங்காலம், மாதாவுக்குப் பீடம் கட்டின வீடுகளுக்குப் போகவேண்டும்.

அந்தக் கடைசிக்குத்தான் நான் பயந்துகொண்டிருக்கிறேன். நம் வீட்டில் வருஷாவருஷம் நான் சின்னதாகப் பீடம் கட்டுவேன். நீ வேலை முடிந்து வருவாய், சாவி பையிலேயே இருக்கும், ஆனாலும் அன்றைக்கு மட்டும், பீடம் பார்க்க வருகிற ஊரார் மாதிரி கதவைத் தட்டி, குரலை மாற்றி, "மாதா அழுதாச்சா?" என்று கேட்பாய். நான் உள்ளேயிருந்து "அழுதாச்சு, உள்ள வாங்க" என்று சொல்லி, மாதாவின் கண்ணீர் என்று எலுமிச்சைத் தண்ணீர் கொடுப்பேன். ஒரு வருஷம் வேண்டுமென்றே "இன்னும் இல்ல, போயிட்டு நாளைக்கு வாங்க" என்றேன். "அப்ப நான் உக்காந்து அழ வைக்கிறேன்"னு வாசலில் பாட ஆரம்பித்துவிட்டாய், உன் குரலுக்குத் தெருவே அழுதது. போன வருஷம் அந்த நாளில் யாரும் தட்டவில்லை. தண்ணீர் கலந்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிலையத்தில் இருப்பேன். நேரத்துக்கு வந்தால் நல்லது. வராவிட்டாலும் உன் இடத்தில் உன் பையை வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் அதற்குள் இருக்கும்.

கர்த்தர் உன்னைக் கையில் ஏந்திக்கொள்ளட்டும்.

உன்,
லோலா


சான் மிகேல்
வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

என் சென்ச்சோ,

வந்துவிட்டேன். சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஆலையில் பெட்டி எண் எழுதுகிற பென்சிலால் எழுதுகிறேன். எட்டு மணிக்குக் கடைசிப் பஸ். அதற்குள் ஒரு காரியம் முடிக்கவேண்டியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் இது. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

காலையில் நிலையத்தில் மாக்லோவியா நின்றிருந்தாள். நீ அனுப்பச் சொன்ன மாதிரி வேறு பஸ்ஸுக்கு அல்ல, எனக்காக. ஐந்து மாதம் பேசாதவள், நேராக வந்து ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "ரெண்டு டோர்ட்டா இருக்கு. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா நீ என்னை பஸ்ஸுக்கு அடியில தள்ளுவ" என்றாள். நான், "மிளகா தனியா வச்சியா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். தோள் குலுங்கிற்று. சிரித்தாளா அழுதாளா, பின்னாலிருந்து தெரியவில்லை.

வண்டி ஓட்டினது மார்கரீட்டோ, நீ கியர் போடக் கற்றுக்கொடுத்தவன். இப்போது தொப்பை போட்டுவிட்டது. இரண்டு டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தான். கிழிக்கவில்லை, இரண்டையும் முழுசாக என்னிடமே கொடுத்துவிட்டு, "ஏறுங்க டோன்யா லோலா" என்று மரியாதையாகச் சொன்னான். வழியில் கூட்டம் ஏறிற்று. ஒரு தொப்பிக்காரர் பையைக் காட்டி, "இங்க ஆள் இருக்கா?" என்றார். பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன், சென்ச்சோ. அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே பதில் தெரியாதவள் நான்தானே. அதற்குள் மார்கரீட்டோ கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கத்தினான்: "ஐயா, அது என் வாத்தியார் சீட்டு! நீங்க இப்படி முன்னாடி வந்து நில்லுங்க, காத்து நல்லா வரும்." அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அணைத் தண்ணீர் தெரிந்தது. நீ சொன்ன பக்கந்தான். கோபுரமும் தெரிந்தது. நீ சொன்ன நிறம் இல்லை, அதைவிடக் கொஞ்சம் பழுப்பு, நம் ஆலையில் வெயிலில் நின்றுபோன பழம் மாதிரி. அழகாக இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது.

கற்கள் பதித்த தெருவில் கால் பிசகாமல் நடந்தேன். துவைக்கிற தொட்டிக்குப் போனேன். இரண்டு பேர்தான் துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், நீ சொன்னபடி. ஒருத்தி நிமிர்ந்து, "என்னக்கா, மேஸ்திரி வேலைக்கு வந்திருக்கீங்களா?" என்றாள். கடைசியில் அவளுடைய போர்வையை நான் ஒரு முனை பிடித்துப் பிழிந்துகொடுத்துவிட்டுத்தான் வந்தேன். உன் திட்டத்தில் அது ஒன்று தவறிவிட்டது.

இன்னொன்று நீயே தவறவிட்டது. கல்யாணப் பொம்மைகள் ஆடவில்லை. தவக்காலத்தில் யார் கல்யாணம் வைப்பார்கள்? இருபத்தாறு வருஷம் திட்டம் போட்டிருக்கிறாய், இது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு கடைக்குள் அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் சுவரில் சாய்ந்து நின்றார்கள், உள்ளே ஆள் இல்லாமல், கை தொங்கிப்போய். கடைக்காரர், "ஈஸ்டர் கழிச்சு வாங்க, ஆடுவாங்க" என்றார். சரி என்றேன்.

ஓவியக்காரர் ஒருவர் கோயிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வரையச் சொல்லி உட்கார்ந்தேன். உன் படம் கையில் இருந்தது, அந்தச் சுவரொட்டிப் படந்தான். அதைப் பார்த்து உன்னை வரைந்தால், காணாமல்போனவன் முகமே நிலைத்துவிடும் என்று தோன்றிற்று. எடுக்கவில்லை. பாதியில் அவர், "அம்மா, கண்ணக் கொஞ்சம் தளர்த்துங்க. யாரையோ தேடுற மாதிரி இருக்கு" என்றார். "அது அப்படித்தான் இருக்கும், அப்படியே போடுங்க" என்றேன். போட்டிருக்கிறார். கல்யாணப் படத்தில் மூடின கண் இதில் திறந்திருக்கிறது. வயசும் தெரிகிறது. நீ பார்த்தால் "யாரு, உங்க அம்மாவா?" என்பாய்.

மாக்லோவியாவின் டோர்ட்டாவில் என்னுடையதைச் சாப்பிட்டேன். மற்றது பையில் இருக்கிறது.

வெயில் இறங்கினதும் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வாசல்தோறும் சீமைச் சாமந்தியும் சோம்புத் தழையும் பரப்பி, மிதிக்க மிதிக்க மணம். உள்ளே ஊதாத் துணி, தங்கக் கொடி குத்தின நாரத்தங்காய், இருட்டில் வளர்த்த வெளிறின கோதுமை முளை, நடுவில் நெஞ்சில் வாள் குத்தின மாதா. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று மற்றவர்கள் கேட்பதை மட்டும் கேட்டுக்கொண்டு இரண்டு தெரு நடந்தேன். "மாதா அழுதாச்சா?" "அழுதாச்சு, வாங்க வாங்க!" குழந்தைகள் கேட்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் உடைந்த பேச்சில் கேட்கிறார்கள். இருபத்தாறு வருஷமும் நான் உள்ளேயிருந்து பதில் சொன்னவள்தானே. கேட்டவன் நீ.

மூன்றாவது தெருவில் கூட்டமில்லாத ஒரு வீடு. ஒரு பருத்த பெண், என் வயசுதான், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். டோன்யா எவுஸ்டோலியா என்று தெருக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்த்து, "கேட்டாத்தான் தண்ணி, கேக்காம நிக்குறவங்களுக்கு வேடிக்கைதான்" என்றாள். அப்போதுதான் கேட்டேன். குரலை மாற்றி, நீ கேட்கிற மாதிரியே. "மாதா அழுதாச்சா?"

"காலையிலேர்ந்து அழுறா, நிறுத்தவே மாட்டேங்குறா, உள்ள வாம்மா" என்றாள்.

சியா விதை ஊறப்போட்ட எலுமிச்சைத் தண்ணீர், பனிக்கட்டி போட்டு. மற்ற வீடுகளில் பிளாஸ்டிக் கோப்பை. இவள் வீட்டில் கண்ணாடிக் கிளாஸ். "மாதா கண்ணீரப் பிளாஸ்டிக்குல ஊத்த எனக்கு மனசு வரல" என்றாள். ஒன்று கொடுத்தாள். நான் வாய் தவறி அல்ல, தெரிந்தேதான், "இன்னொண்ணு" என்றேன். "யாருக்கு?" "என் வீட்டுக்காரருக்கு." "எங்க அவரு?" "வெளியில நிக்கிறாரு" என்றேன். பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், நீ வெளியில்தான் எங்கேயோ நிற்கிறாய்.

அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு என்னோடு வாசல்வரை வந்தாள். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது. என் முகத்தையும், தோளில் தொங்கின நீலப் பையையும் பார்த்தாள். நம் மாநிலத்தில் இப்போது யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, சென்ச்சோ. ஆளைத் தொலைத்து நிற்கிற, வீட்டுக்கு வீடு தெரிந்த முகந்தான் என்னுடையது. என்னுடையதை அங்கேயே நின்று குடித்தேன். இரண்டாவதை என் கையில் கொடுத்துவிட்டு, "எடுத்துட்டுப் போ. ஆனா கிளாஸ் எங்க அம்மா சீதனம், ஆறுல ஒண்ணு குறையக் கூடாது. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கொண்டாந்து குடு. காலியாக் கொண்டா. நிறைஞ்ச கிளாஸ இந்த வீடு திருப்பி வாங்காது, மாதா கோவிச்சுக்குவா. கீழயும் கொட்டக் கூடாது" என்றாள்.

அதுதான் நான் முடிக்கவேண்டிய காரியம். கிளாஸ் பெஞ்சில் இருக்கிறது, உன் பக்கத்தில். அதாவது உன் இடத்தில். பனிக்கட்டி கரைந்துவிட்டது. விதைகள் அடியில் தங்கிவிட்டன. வெளிப்பக்கத்தில் முத்து முத்தாக வேர்த்து, பெஞ்சில் ஒரு வட்டம் ஈரம். நான் தொடவில்லை. ஒரு குருவி வந்து பார்த்தது, விரட்டினேன்.

கோயிலில் மணி அடித்தாயிற்று. ஏழரை. மார்கரீட்டோதான் திரும்பி ஓட்டுகிறான், எனக்காக ஐந்து நிமிஷம் நிறுத்துவான், அதற்குமேல் முடியாது. ஒரு காலி கிளாஸ் அவளிடம் போய்ச் சேரவேண்டும்.

நவம்பரில் ஒரு கிளாஸை நான் உடைத்தேன். அன்றைக்கு நீ தாகத்தோடு வந்திருந்தால் என்னை மன்னித்துவிடு. வராமல் எங்கேயாவது உயிரோடு கிடந்தால், இல்லாதவனுக்கு எழுதுகிற மாதிரி எழுதின இந்தக் கடிதத்துக்காகவும் மன்னித்துவிடு. எங்கே இருந்தாலும் உன் தலைமாட்டில் யாராவது ஒரு வாய் தண்ணீர் வைத்திருக்கட்டும். நான் வைக்க முடியாததை இன்னொரு பெண் வைத்தால் அவள் வீடு நன்றாக இருக்கட்டும். சிலுவையடியில் நின்ற மாதா உன்னையும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

என்றும் உன்,
லோலா

கையெழுத்துப் போட்டும் எழுந்திருக்க முடியவில்லை. உன் பங்கை நான் குடித்துவிட்டால் நீ இல்லை என்று ஆகிவிடுமோ என்று கிளாஸை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குடிக்காமல் எடுத்துப் போனால் அவள் வாங்க மாட்டாள். நீ ஒரு சீட்டையும் பதில் எழுதாமல் விட்டவன் இல்லை. இந்தத் தாளின் பின்பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். சொல்லு சென்ச்சோ, இந்தத் தண்ணியை நான் குடிச்சிடட்டுமா, இல்ல, நீ வர்றியா?